இருபது நிமிஷத்துக்கு ஒரு சிமிட்டல்

என் மனைவி பரிமளம் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எதிர்வீட்டு மாடியைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறாள்.

இதை நான் கண்டுபிடித்தது ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில். காலை ஒன்பது மணி. கையில் பிளேன்டீ. வாயில் பாதி பிஸ்கட். மீதிப் பாதி தேநீருக்குள் விழுந்து கரைந்துபோனதுகூட எனக்குத் தெரியவில்லை.

முதல் தடவை தற்செயல் என்று விட்டுவிட்டேன். ஒன்பது இருபதுக்கு அவளுடைய ஃபோன் 'கிணிங்' என்றது. தையல் மெஷினை நிறுத்தினாள். எழுந்து ஜன்னலுக்குப் போனாள். எதிர்வீட்டு மேல்மாடியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிமிட்டினாள். எண்ணினேன். பத்துத் தடவை. ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து உட்கார்ந்து தைத்தாள். ஒன்பது நாற்பதுக்கு மறுபடி கிணிங். பத்து மணிக்கு மறுபடி.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிமிட்டியது மொத்தமாகவே பத்து இருக்காது. அதிலும் பாதி, சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் 'போதும், எழும்புங்க' என்பதற்கான சிமிட்டல்.

எதிர்வீட்டு மேல்மாடியில் இருப்பவர் திருச்செல்வம் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; அதனால்தான் எல்லாருக்கும் 'சேர்'. மனைவி இல்லை, பிள்ளைகள் கனடாவில். மூன்று மாசத்துக்கு முன்தான் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, இந்தச் சின்னச் சந்துக்குக் குடிவந்தார். வயசு அறுபத்தெட்டு. வயசைச் சொன்னதும் நீங்கள் நிம்மதியடைவீர்கள். நானும் அடைந்திருப்பேன், அவருக்குத் தலை நிறைய முடி இல்லாமல் இருந்திருந்தால். வெள்ளை முடிதான். ஆனால் தலை நிறைய. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. மிச்சமிருப்பது காதோரம் மட்டும். அந்த மனிதர் காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் மாடியில் நின்று அந்தூரியம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றும்போது முடி காற்றில் பறக்கும்.

நான் மாநகர சபையில் தெருவிளக்குப் பகுதியில் கிளார்க். கண்டியில் எந்தத் தெருவில் எந்த பல்ப் எரிகிறது, எது எரியவில்லை என்று எனக்குத் தெரியும். என் வீட்டில் என்ன எரிகிறது என்று எனக்குத் தெரியாமல் போவதா? அன்றைக்கே தீர்மானம் எடுத்தேன். கண்டுபிடித்தே தீருவது. இப்போதைக்கு எரிந்துகொண்டிருந்தது என் வயிறு.

"பரிமளம், எதிர்வீட்டுல என்னத்த பாக்குற?"

"இருபது அடி."

"என்னது?"

"இருபது அடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறத பாக்கச் சொல்லி டொக்டர் சொன்னாங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ, இருபது விநாடி. அப்பறம் கண்ண நல்லா மூடி மூடித் தெறக்கணும்."

"எந்த டொக்டர்?"

"கண் டொக்டர்தான். கண்ணு காஞ்சு போச்சின்னு சொன்னேனே."

"யார்கிட்ட சொன்ன?"

"உங்ககிட்டதான். ரெண்டு மாசமா சொல்றேன். நீங்க கிரிக்கெட் பாத்துக்கிட்டே 'ம்'ன்னீங்க."

அந்த 'ம்'மை என்னால் மறுக்க முடியவில்லை. நான் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான். ஆனால் பிடித்த பிடியை விடவில்லை.

"காஞ்ச கண்ணுங்கிற. போன கிழம பூரா கண்ணுல தண்ணியா ஊத்துச்சே. துடைச்சிக்கிட்டே இருந்தியே. காஞ்ச கண்ணுல எப்படித் தண்ணி வரும்?"

"காஞ்சதாலதான் ஊத்துது." மெஷின் சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "கண்ணுத் தண்ணிக்கு மேல மெல்லிசா எண்ணெ மாதிரி ஒண்ணு இருக்குமாம். அது வர்றதுக்கு இமை ஓரத்துல சின்னச் சின்ன துவாரம் இருக்கு. அது அடைச்சிக்கிட்டா, இருக்கிற தண்ணி காத்துல காஞ்சிடும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும். உறுத்தினா கண்ணு பயந்துபோயி தண்ணிய அள்ளி ஊத்தும். ஊத்துறது கன்னத்துல ஓடுமே தவிர கண்ணுல நிக்காது. தைக்கிறப்ப நான் ஊசியவே பாத்துக்கிட்டு இருக்கேன், சிமிட்டவே மறந்துடுறேன். அதான் இப்படி ஆயிடுச்சாம்."

கல்யாணத்தன்று என் மாமனார் கறுப்பையா, ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறி பிடித்து வந்தவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ள, எம்புள்ள கண்ணுல தண்ணி வராம பாத்துக்குங்க" என்று கேட்டார். அது ஞாபகம் வந்தது.

"உங்கப்பாவுக்குக் குடுத்த வாக்க நான் காப்பாத்திட்டேன் பாத்தியா. டொக்டரே சொல்லிட்டாங்க, உன் கண்ணுல தண்ணி இல்லன்னு."

பரிமளம் சிரிக்கவில்லை. சிமிட்டவுமில்லை.

"சரி. அந்த டொக்டர்கிட்ட போகச் சொன்னது யாரு?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். "எதிர்வீட்டு சேர்" என்றாள். "அவருக்கும் கண் வறட்சியாம்."

பாருங்கள். ஒரே ஒழுங்கை. ஒரே நோய். ஒரே டொக்டர். இருபத்து நாலு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒரு சளித் தடிமன்கூட வந்ததில்லை. எனக்கு வந்தால் அவளுக்கு வராது.

மறுநாள் காரியாலயத்திலிருந்து நேரத்தோடு வந்துவிட்டேன். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, அவளுடைய தையல் டேப்பை எடுத்து, ஒழுங்கையின் குறுக்கே தரையில் வைத்து அளந்தேன். டேப் ஐந்து அடிதான். வைத்து வைத்து எடுக்க வேண்டியிருந்தது. ஒரு ஆட்டோக்காரர் பிரேக் போட்டு, நான் அளந்து முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். எதிர்வீட்டுச் சுவரைத் தொட்டபோது கணக்கு முப்பத்தொரு அடி.

பக்கத்து வீட்டு ஸுலைஹா வாசலுக்கு வந்தாள். என்னை அண்ணன் முறையில் 'நாநா' என்பாள். அவளும் பரிமளமும் நாள் முழுக்க மதிலுக்கு மேலால் கதைப்பவர்கள். "என்த நாநா, இங்க அளக்குறீங்க?"

"காரியாலய வேல."

"அல்ஹம்துலில்லாஹ். லைட் போடப் போறா?"

அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கையிலிருந்து தெருவிளக்குக் கேட்டு இருபத்தேழு பேர் கையெழுத்திட்ட கடிதம் என் மேசைக்கே வந்தது. முதல் கையெழுத்து ஸுலைஹா. இரண்டாவது பரிமளம். அது வேறு கதை. அன்று நான் வீட்டுக்குள் ஓடினேன்.

"முப்பத்தொரு அடி. டொக்டர் சொன்னது இருபது. மிச்சப் பதினொரு அடி யாருக்காக?"

"இருபதுக்குக் குறையக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. கூடினா பரவால்ல."

"சிமிட்டுறது?"

"அதுக்கு என்ன?"

"ரெண்டு கண்ணும் மூடினா அது சிமிட்டல். ஒத்தக் கண்ணு மூடினா அது கண்ணடிக்கிறது. நான் உக்காந்திருக்கிற கதிரையில இருந்து பாத்தா உன் இடது கண்ணுதான் தெரியுது. வலது கண்ணு என்ன செய்யுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எழும்பி வந்து பக்கத்துல நில்லுங்க. தெரியும்."

இந்த யோசனையில் ஏதோ நியாயம் இருந்தது. ஆனால் டி.வி.யில் ஓடிய மேட்ச்சில் இன்னும் ஆறு ஓவர் பாக்கி.

அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் திருச்செல்வம் சேர்தான். ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால் தயிருக்குப் பக்கத்தில் கண்ணுக்கு விடும் மருந்து. "குளிரா விட்டா கண்ணுக்கு இதமா இருக்கும்னு சேர் சொன்னாரு." இன்னொரு நாள் சட்டியில் சாளை மீன். "சாளை கண்ணுக்கு நல்லதாம். சேர் குடுத்தனுப்பினாரு." எனக்குச் சாளை மிகவும் பிடிக்கும். அன்றைக்கு மட்டும் தொண்டையில் முள்ளாகவே இறங்கியது. மூன்று துண்டுதான் சாப்பிட முடிந்தது.

ஸுலைஹாவிடம் விசாரித்தேன். "இந்த மீன் யாரு குடுத்தது?"

"சேர்தான் நாநா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்ல மனுஷன். பரிமளத்துட கண்ணப் பத்தி எந்த நாளும் விசாரிக்கிற."

எந்த நாளும். நான் ஒரு நாள்கூட விசாரித்ததில்லை என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது வேறு. எனக்கும் அந்த நோய் வர வேண்டும். வந்தால் நானும் அந்த டொக்டரிடம் போவேன். அங்கே காத்திருக்கிற பெஞ்சில் யார் யார் பக்கத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்று தெரிந்துவிடும். சாளையும் எனக்கே வரும்.

நோயை வரவழைப்பது அவ்வளவு சுலபமில்லை. மூன்று நாள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்து, சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தேன். காரியாலயத்தில் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் உட்காரும் மிஸ், நான் தன்னை முறைப்பதாக எண்ணி மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். நாலாம் நாள் கண் கொஞ்சம் சிவந்தது. உடனே அரைநாள் லீவு போட்டுவிட்டு, டொக்டர் இருக்கும் பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

டொக்டர் நடுத்தர வயசுப் பெண்மணி. மெதுவாகப் பேசினார். "என்ன செய்யுது?"

பரிமளம் சொன்னதையெல்லாம் வரி பிசகாமல் ஒப்பித்தேன். மணல், உறுத்தல், ஓடுகிற தண்ணீர், அடைத்த துவாரம். "துவாரத்தையும் நீங்களே பாத்துட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, மெல்லிய கடுதாசித் துண்டு இரண்டை எடுத்து என் கீழ் இமைகளில் செருகினார். "கண்ண மூடிக்கிட்டு அஞ்சு நிமிஷம் இருங்க. கண்ணீர் எவ்வளவு ஊறுதுன்னு இதுல தெரியும். நனையாட்டிதான் வறட்சி."

கண்ணை மூடினேன். மூடியதும் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? திருச்செல்வம் சேர். பக்கத்தில் பரிமளம். இரண்டு பேர் இமையிலும் இதே கடுதாசி. ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாமல், ஆனால் தோளோடு தோள் உட்கார்ந்து, 'உங்களுக்கு எவ்வளவு ஊறிச்சு, எனக்கு இவ்வளவு ஊறிச்சு' என்று கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். சேருடைய முடி ஃபேன் காற்றில் பறக்கிறது. மூடிய இமைக்குள் வெதுவெதுப்பாக ஏதோ ஊறியது.

இரண்டாவது நிமிஷத்திலேயே டொக்டர் கடுதாசியை எடுத்துவிட்டார். நுனிவரை நனைந்து சொட்டியது.

"உங்க கண்ணுல ரெண்டு பேருக்குப் போதுமான தண்ணி இருக்கு" என்றார். "எதுக்கு வந்தீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "என் மனைவி உங்ககிட்டதான் வர்றாங்க. பரிமளம்."

டொக்டர் கதிரையில் சாய்ந்தார். "தைக்கிற பரிமளமா? நீங்கதான் அவங்க கணவரா?" அந்த 'நீங்கதானா'வில் எனக்குப் பிடிக்காத ஒரு சுருதி இருந்தது. "நாலு தடவ வந்திருக்காங்க. வந்தப்பல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாங்க. தையல விட்டுட வேண்டி வருமான்னு. தீபாவளித் தையல் பாதியில கிடக்கு, ஊசியில நூல் கோக்க முடியலன்னு சொன்னாங்க. அப்ப வந்தது இந்த வறட்சிக் கண்ணீர் இல்ல."

கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"விட வேண்டி வருமா டொக்டர்?"

"வராது. ஆனா மருந்து மட்டும் போதாது. ஃபேன் காத்து முகத்துல படக் கூடாது. மிளகாய் வறுக்கிற, தாளிக்கிற புகையில நிக்கக் கூடாது. காலையிலயும் பின்னேரமும் வெதுவெதுப்பான துணிய இமையில பத்து நிமிஷம் வைக்கணும், துணி ஆற ஆற மாத்தணும். அவங்களாலேயே தன் கண்ண மூடிக்கிட்டு துணி மாத்த ஏலாது. வீட்டுல யாரும் உதவிக்கு இல்லையான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது நான் இறங்க வேண்டிய மகாவலிப் பாலம் வந்ததுகூடத் தெரியாமல் அடுத்த பஸ் ஹோல்ட்டில் இறங்கி நடந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், வெட்கத்தைவிட ஒரு படி மேலே பயம் இருந்தது. இந்தத் துணி மாற்றுகிற வேலை காலியாக இருப்பது சேருக்குத் தெரிந்தால்?

வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.

"என்னங்க, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்றாள் பரிமளம். "கண்ணு செவந்திருக்கு."

"ஒண்ணுமில்ல. நீ இனிமே தாளிக்கக் கூடாது."

"அப்ப யாரு தாளிக்கிறது?"

"நான்."

மெஷினை நிறுத்திவிட்டு என்னை நன்றாகப் பார்த்தாள். இருபது விநாடி இருக்கும்.

அடுத்த இரண்டு மாசம் நான் வாழ்ந்த வாழ்க்கையை என் எதிரிக்கும் விரும்பமாட்டேன், எதிர்வீட்டுக்காரரைத் தவிர. காலை ஐந்தரைக்கு எழும்பி தேங்காய்ச் சம்பல் இடித்தேன். செத்தல் மிளகாய் வறுத்தேன். வறுக்கும்போது என் கண்ணிலிருந்து வந்ததை அந்த டொக்டர் அளந்திருந்தால் அவரிடம் கடுதாசியே முடிந்திருக்கும். முதல் கிழமை பருப்பு அடிப்பிடித்தது. இரண்டாம் கிழமை சோறு குழைந்தது. மூன்றாம் கிழமை பரிமளம் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அவள் சொல்லவில்லை. நான் எண்ணினேன்.

துணி வைப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை. துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்து, அவளுடைய மூடிய கண்ணில் வைப்பேன். அந்தப் பத்து நிமிஷமும் அவளால் எதிர்வீட்டைப் பார்க்க முடியாது. முதலில் அதற்காகத்தான் பிடித்தது. பத்து நிமிஷத்தைப் பதினைந்தாக்கலாமா என்று டொக்டருக்கு ஃபோன் பண்ணிக்கூடக் கேட்டேன். பிறகு போகப் போக வேறு மாதிரி ஆகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அவள் கதைப்பாள். எந்த பிளவுசுக்கு எந்தக் கழுத்து, எந்த வீட்டுப் பெண் உடம்பு வைத்துவிட்டாள், ஹந்தானையில் சின்னவளாக இருக்கும்போது தோட்டத்து லயத்து வீட்டு விளக்கில் எப்படித் தைத்துப் பழகினாள் என்று. இருபத்து நாலு வருஷத்தில் கேட்காத கதையெல்லாம் கேட்டேன். ஒரு 'ம்'கூடச் சொல்லவில்லை. துணி ஆறிப்போய்விடுமே என்ற கவனம்.

அவளுடைய ஃபோன் கிணிங் என்றால் இப்போது நானும் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு கண்ணையும்தான் மூடினாள். சேர் அந்தூரியத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் அவரை முறைத்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நல்ல அழுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது தையல் எல்லாம் முடிந்தது. அவளோடு கிளினிக்குக்கு நானும் போனேன். டொக்டர் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு, இப்படியே பாத்துக்குங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்த்து.

வென்றவன் தோற்றவனை ஒருதரம் நேரில் பார்க்க ஆசைப்படுவது இயற்கைதானே. அன்று பின்னேரமே எதிர்வீட்டு மாடிப்படி ஏறினேன்.

"சேர், நான் ராஜலிங்கம். எதிர்வீடு."

திருச்செல்வம் சேர் கதிரையிலிருந்து எழுந்து, இரண்டு அடி முன்னால் வந்து, என் முகத்துக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "ஓ, எதிர்வீடோ? இருங்கோ தம்பி, இருங்கோ. அஞ்சாறு மாசமாப் பக்கத்திலை இருக்கிறம், ஒருநாளும் காணேல்லை."

"தெனமும் ஜன்னல்ல நின்னு பாக்குறேனே சேர்."

"எனக்கு உங்கட யன்னலே தெரியாது தம்பி. ரெண்டு கண்ணிலையும் வெள்ளை படர்ந்திட்டுது. கையை நீட்டுற தூரத்துக்கு அங்காலை எல்லாம் பனிப்புகார் மாதிரித்தான். செடிக்கும் ஒரு குத்துமதிப்பிலைதான் தண்ணி ஊத்துறன்."

நான் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பரிமளத்துக்குக் கண் டொக்டரச் சொன்னது நீங்கதானே?"

"ஆர் பரிமளம்?"

"என் மனைவி. நீங்க சாளை குடுத்தனுப்பினீங்களே."

"நான் மரக்கறி தம்பி. முப்பது வருசமா மீன் தொடுறதில்லை." பிறகு சந்தோஷமாக, "வாற மாசம் கண் ஒப்பறேசன். அதுக்குப் பிறகு எல்லாம் வடிவாத் தெரியும் எண்டு சொல்லுகினம். உங்கட யன்னலும் தெரியும்" என்றார்.

"அவசரப்படாதீங்க சேர்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். பரிமளம் ஜன்னலோரமாக உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் போய்விட்டது.

"சேர் உனக்கு டொக்டரச் சொல்லலையாமே."

"இல்ல. ஸுலைஹாதான் சொன்னா. அவதான் கூட்டிக்கிட்டும் போனா."

"மீன்?"

"அவ வீட்டுக்காரர் நளீர் நாநா கொண்டாந்தது."

"பின்ன எதுக்கு எல்லாத்துக்கும் சேர் பேரச் சொன்ன?"

"ஸுலைஹா பேரச் சொல்லியிருந்தா நீங்க கதிரைய விட்டு எழும்பியிருப்பீங்களா?"

குறைந்தபட்சம் சமையலறையையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று, "சரி, கண்ணுதான் சுகமாயிடுச்சே, நாளையில இருந்து..." என்று ஆரம்பித்தேன்.

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றாள் பரிமளம். "சேருக்கு ஒப்பறேசன் முடிஞ்சா ஒரு மாசம் அடுப்புக்கிட்ட போக ஏலாது, பாவம் தனி ஆளு. நம்ம வீட்டுலருந்து மூணு வேளையும் மரக்கறிச் சாப்பாடு அனுப்பலாம்னு ஸுலைஹாகிட்ட சொல்லிட்டேன். நான் என் கையால சமைச்சு அனுப்பவா, இல்ல நீங்க சமைக்கிறீங்களா?"

நான் உள்ளே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, மரக்கறிச் சாம்பாருக்கு எத்தனை பேர் அளவு பருப்பு போடுவது என்று அவளிடமே கேட்டேன்.